பியானோவின் தலையில் ஒரு மலை

கனகலக்ஷ்மிக்குப் பொறாமை அதிகம். இதை நான் புறம்பேசுவதாக நினைக்க வேண்டாம். அவளே ஒளிக்காத விஷயம் இது. எதிர்வீட்டில் இருந்துகொண்டு அவளை அத்தனை வருஷம் பார்த்தவள் நான். என் புடவையின் கரை அவளுடையதைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்துவிட்டால், "கமலம், உனக்கு அது எடுக்கலை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டுப் போய், தானும் அதே மாதிரி ஒன்று வாங்குகிறவரை அவளுக்குச் சோறு இறங்காது. எனக்குக் கோபம் வரும், ஆனால் வெறுப்பு வந்ததில்லை. வயிற்றெரிச்சலை வாயில் வைத்துக்கொண்டு திரிகிறவளிடம் என்ன பயம்? சிரித்த முகத்தோடு உள்ளுக்குள் வைத்துக்கொள்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது. அந்த வீட்டில் அப்படியும் ஒருத்தி இருந்தாள். அவளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்.

கனகத்தின் அப்பா ஸ்ரீரங்கப்பட்டணம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற குமாஸ்தா. ரயில் போய்விட்டால் பிளாட்பாரத்தில் காக்கையைத் தவிர வேறு ஆள் கிடையாது. அங்கே களிமண்ணில் பொம்மை பிடித்து விளையாடிக்கொண்டிருந்தவளை மைசூரில் லக்ஷ்மிபுரத்து வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமனார் மாமியார் இல்லை. கணவன் வெங்கடராமனுக்கு ரயில்வே ஆபீசில் வேலை. அவனுடைய அண்ணா விஸ்வேஸ்வரன் மராமத்து இலாகாவில் பெரிய உத்தியோகஸ்தர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய மனைவி சீதாலக்ஷ்மி பெங்களூரில் வளர்ந்தவள், துரைசானிகள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள் பியானோ வாசிப்பாள்.

ஜெர்மன் சண்டை முடிந்த சமயம், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை தன் சாமான்களை ஏலம் விட்டான். விஸ்வேஸ்வரன் அதில் அந்தப் பியானோவை எடுத்தார். பீரோ மாதிரி நிமிர்ந்து நிற்கிற பியானோ. மாட்டு வண்டியில் வந்து இறங்கியபோது தெருவே வாசலில் நின்றது, நானும்தான் நின்றேன். ஹாலில் கிழக்குச் சுவரோரமாக அதைச் சேர்த்து வைத்தார்கள். அன்று முதல் சாயங்காலம் விளக்கு வைத்ததும் சீதாலக்ஷ்மி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்காருவாள்.

உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். கனகத்துக்கு எரிந்தது அதில்லை. சீதாலக்ஷ்மி பார்த்து வாசிக்கிற இங்கிலீஷ் நோட்டுத் தாளைப் புரட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வெங்கடராமன். அவனுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. மன்னி தலையை அசைத்தால் புரட்டுவான். அதற்காக ஆபீசிலிருந்து வந்ததும் முகம் கழுவி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போய் நிற்பான். கனகம் சமையல்கட்டில் காபியை ஆற்றிக்கொண்டே, "உங்க மன்னி தலையாட்டினா போறும், நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் உங்களுக்குக் காது கேக்காது" என்பாள். அவனுக்கு நிஜமாகவே கேட்காது. அதில் தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை, அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்தால் எரியாமல் போய்விடுமா?

அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று, நவராத்திரிக் கொலு. சீதாலக்ஷ்மிக்கு அதில் சிரத்தை கிடையாது. பட்டத்து ராஜா ராணி ஜோடியை மேல்படியில் நிறுத்துவதிலிருந்து கீழே மண் பரப்பிக் கேழ்வரகு முளைக்கவைத்துத் தோட்டம் போடுவதுவரை எல்லாம் கனகத்தின் கை. மைசூரில் கொலு வைக்காத வீடு ஏது? ஆனாலும் தசரா வந்தால் லக்ஷ்மிபுரத்துப் பெண்கள் அவள் கொலுவைப் பார்க்காமல் விடமாட்டார்கள். அந்த நாட்களில் மட்டும் அவள் முகத்தில் ஒரு களை வரும்.

கொலுப்படி வைக்கிற இடம் கிழக்குச் சுவர். அங்கேதான் பியானோ வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த வருஷம் கனகம் போய், "அக்கா, தசரா முடியற வரைக்கும் இதைக் கொஞ்சம் அந்தண்டை நகர்த்திக்கலாமா?" என்று கேட்டாள். "நகர்த்தினா சுருதி போயிடும். நீ வேணும்னா கொலுவை ரேழியில் வெச்சுக்கோயேன்" என்று சீதாலக்ஷ்மி சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். வருகிறவர் போகிறவர் நடக்கிற ரேழியில் கொலு வைப்பதாம்! அன்று மத்தியானம் கனகம் என் வீட்டுக்கு வந்து அழுதாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நகர வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும். நான் மேலே ஏறிக்கறேன்" என்றாள்.

பியானோவை மறைத்துப் படிகளைக் கட்டினாள். பியானோவின் தலைமேல் வாழை இலையும் பழைய தினசரித் தாளும் விரித்து, மண்ணைக் குழைத்துச் சாமுண்டி மலையையே எழுப்பிவிட்டாள். ஏறுகிற படிக்கட்டு, நடுவில் நந்தி, உச்சியில் கோபுரம், அடிவாரத்தில் ஒரு பித்தளைத் தட்டில் குளம். மலைச்சரிவு முழுவதும் ஊறவைத்த கேழ்வரகு. அது முளைத்துக் கிளம்பியபோது நிஜமான மலையை அங்கே தூக்கிவந்து வைத்தது போலிருந்தது. கன்னடக்காரப் பெண்கள் வாசலிலேயே நின்று, "எஷ்டு சென்னாகிதெ!" என்று அதன் அழகில் வாயைப் பிளந்தார்கள். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது, பொய் சொல்வானேன். விஸ்வேஸ்வரனுக்கும் தாங்காத பெருமை. ஆபீசிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து காட்டினார். பயிர் வாடக் கூடாதே என்று கனகம் காலையும் மாலையும் செம்பால் தண்ணீர் தெளித்தாள்.

தண்ணீர் எங்கே போகும் என்று அவள் யோசித்தாளா? இதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரு நாள், "வாழை இலை இருக்கேன்னு நெனச்சேன்" என்பாள். இன்னொரு நாள் பேச்சை மாற்றிவிடுவாள்.

கொலு முடிந்து மலையைக் கரைத்தபோது பியானோவின் மேல்மூடியில் வெள்ளையாகத் திட்டு விழுந்திருந்தது. கனகம் அதன்மேல் பூவேலை செய்த ஒரு துணியை விரித்துவிட்டாள். ஐப்பசியில் ஒன்றும் தெரியவில்லை. மார்கழிக் காற்று வீச ஆரம்பித்ததும் வந்தது வினை. விஸ்வேஸ்வரனின் மேலதிகாரி குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருந்தார். சீதாலக்ஷ்மி வாசிக்க உட்கார்ந்தாள். ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு கட்டை கீழே போயிற்று. சில கட்டைகள் போனது போனதுதான், எழுந்திருக்கவே இல்லை. சீதாலக்ஷ்மியின் காது சிவந்தது. வெங்கடராமன் எந்த இடத்தில் புரட்டுவது என்று தெரியாமல் தாளைப் பிடித்துக்கொண்டு விழித்தான். கனகம் பட்சணத் தட்டோடு கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுக்குக் குளுகுளுவென்று இருந்ததாம். அவளே சொன்னது.

அந்தக் குளுமை விருந்தாளிகள் வண்டி ஏறுகிற வரைதான். விஸ்வேஸ்வரன் ஹாலின் நடுவில் நின்று கத்தினார். "ஒரு ஆசாரியைக் கொண்டு வந்து திறந்து பார்க்கப் போறேன். இந்தக் கொலுவாலதான் கெட்டதுன்னு அவன் சொல்லட்டும், அதோட இந்தாத்துல கொலுங்கற பேச்சே கிடையாது. பொம்மை அத்தனையும் கோவிலுக்குப் போயிடும்." கொலுவும் போய்விட்டால் அந்த வீட்டில் கனகத்துக்குச் சமையல்கட்டு மட்டும்தான் மிச்சம்.

ஆசாரியாக வந்தவன் லிங்கப்பன். கொள்ளேகாலில் பட்டுத்தறிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். அங்கே ஒரு பாதிரியின் பியானோவைச் சீர் செய்தானாம், அதிலிருந்து மைசூர் பங்களாக்களில் அவனைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய். தன்னைவிட்டால் இந்தச் சீமையில் பியானோவின் வயிற்றைத் திறந்து பார்த்தவன் கிடையாது என்று வாசலில் செருப்பைக் கழற்றுகிறபோதே சொல்லிவிட்டான். மூடியைக் கழற்றி, முன்பலகையை எடுத்து, கட்டைகளை ஒவ்வொன்றாக உருவினான். ஹாலில் அப்போது கனகம் மட்டும் இருந்தாள், மோர் கொண்டு வந்திருந்தாள். லிங்கப்பன் உள்ளே கையை விட்டு எதையோ அள்ளி அவளுக்கு நேரே நீட்டினான். உள்ளங்கையில் மண்ணும், காய்ந்துபோன கேழ்வரகுப் பயிரும், கட்டைகளுக்கு அடியில் விரித்திருந்ததிலிருந்து அதன் வேரோடு ஒட்டிக்கொண்டு வந்த கம்பளித் துண்டும்.

"ஏனுங்கம்மா, பொட்டிக்குள்ள ராகி வெதச்சது யாருங்க?" என்றான்.

கனகம் மோரைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கூப்பினாள். "யார்கிட்டயும் சொல்லிடாதேப்பா. என் கொலு போயிடும்."

"நான் எதுக்குங்க சொல்றேன்? சீமை மரமுங்க, நம்மூருப் பனி அதுக்கு ஒத்துக்கலைன்னு சொன்னாப் போச்சு" என்றான் லிங்கப்பன். மோரைக் குடித்தான். "பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா இருந்தா இன்னும் நல்லா இருக்குமுங்க."

அவன் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. ஆனால் காபி கொஞ்சம் தண்ணியாக இருந்தால் போதும், விஸ்வேஸ்வரன் காதில் விழுகிற தூரத்தில் இந்த வருஷத்து ராகி விளைச்சலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான். கனகம் ஓடிப்போய் நெய் தோசை வார்ப்பாள். தாலி கட்டினவனுக்குக்கூட அவள் அப்படி வார்த்துப் போட்டதில்லை. தின்ன ருசி கண்டபிறகு அவன் ஏன் வேலையைச் சுருக்க முடிக்கிறான்? கொல்லைத் தாழ்வாரத்தில் கடை பரப்பிவிட்டான்.

கட்டை என்றால் வெளியே தெரிகிற வெள்ளைப் பல் மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது உள்ளே முழங்கை நீளத்துக்கு மரச்சட்டமாகப் போகிறது. வெளிமுனையை அழுத்தினால் உள்முனை எழும்பி ஒரு குட்டிச் சுத்தியைத் தள்ளும். சுத்தி போய்க் கம்பியில் அடிக்கும். தண்ணீர் குடித்துவிட்டுக் காய்ந்ததில் அந்தச் சட்டங்கள் பக்கவாட்டில் கோணியிருந்தன. அதனால்தான் ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போயிற்று. சுத்திகளின் காம்புகளும் முறுக்கிக்கொண்டு பக்கத்துக் கம்பியில் அடித்தன. மேல்மூடி நடுவில் குழிந்து தட்டு மாதிரி ஆகிவிட்டது.

வேலையைச் சீக்கிரம் முடித்து அவனை வெளியே அனுப்பினால் போதும் என்று கனகம் தானே கூடமாட உதவி செய்தாள். மூடியின் குழிந்த பக்கத்தை நனைத்த கோணியின்மேல் கவிழ்த்து, முதுகில் வெயில் படும்படி கொல்லையில் போட்டார்கள். சுத்திக் காம்புகளை லிங்கப்பன் ஸ்பிரிட் விளக்கில் காட்டி, சூடு ஏறியதும் விரலால் மெல்லத் திருப்பினான். சட்டங்களுக்கு வேறு வைத்தியம். எந்தப் பக்கம் உள்வாங்கி வளைந்திருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஈரத்துணி, மறுபக்கம் தணலுக்கு நேரே. பிறகு பலகையில் வைத்து, எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கூடவே வளைத்து, ஆப்பு இறுக்கி நிழலில் காயவிட வேண்டும்.

"நேரா நிறுத்துனாப் பத்தாதுங்க, மறுபடியும் கோணிக்கும். அக்கட்டால கொஞ்சம் தள்ளி நிறுத்தோணும். பக்கம் மாத்தி மட்டும் நனைச்சுப்போடாதீங்க, அப்புறம் ஆண்டவன் வந்தாலும் நிமித்த முடியாது" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாது. கட்டைகள் ஒவ்வொன்றாக நிமிர நிமிரக் கனகத்தின் முகம் கோண ஆரம்பித்தது. வெங்கடராமன் தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் கொல்லைக்கு வந்து, "எப்போ முடியும், எப்போ முடியும்?" என்று கேட்டான். சட்டை வேறு புதுசாகத் தைக்கக் கொடுத்திருந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொலு பிழைத்தால் பியானோவும் பிழைக்கிறது. பியானோ பிழைத்தால் இவன் மறுபடியும் போய் அங்கே நிற்பான். இதற்கா நெய் தோசை வார்த்தேன் என்று என்னிடம் வந்து பொருமினாள்.

ஒருநாள் மத்தியானம் லிங்கப்பன் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தாழ்வாரத்தில் கனகம் தனியாக இருந்தாள். நனைக்கவேண்டிய கட்டைகளில் ஒன்றை எடுத்தாள். நட்ட நடுவில் வருகிற கட்டை, அது இல்லாமல் ஒரு பாட்டும் நகராது. ஈரத்துணியைப் பிழிந்து அதன் புடைத்த பக்கத்துக்குக் கொண்டுபோனாள். அப்போது நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் சீதாலக்ஷ்மி.

கனகம் கையும் களவுமாக அகப்பட்டவள் மாதிரி துணியைக் கீழே போட்டாள். சீதாலக்ஷ்மி குனிந்து அதை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தாள். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"பண்ணேன். ஏன் நிறுத்திட்டே? செம்பு செம்பாக் கொட்டினவளுக்கு இந்தத் துணி ஈரம் ஒரு பெரிசா?"

"அக்கா, நான்..."

"நேக்கு எல்லாம் தெரியும். கொலு ஆரம்பிச்ச ரெண்டு மூணு நாள்லயே பார்த்தேன். படிக்குப் பின்னாடி போய் எட்டிப் பார்த்தா, உன் மலையிலேர்ந்து சொட்டு சொட்டா உள்ளே போயிண்டிருந்தது."

கனகத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "பார்த்தேளா? பார்த்துட்டு ஏன் பேசாம இருந்தேள்? உங்க பியானோவாச்சே!"

"கெட்டுப் போகட்டும்னுதான் இருந்தேன்" என்றாள் சீதாலக்ஷ்மி. "ஊரே வந்து உன் மலையைப் பார்த்துண்டு நின்னுது. கீழே ஒரு பியானோ இருக்கு, அதை ஒருத்தி வாசிப்பான்னு யாராவது கேட்டாளா? எங்காத்துக்காரர் இருக்காரே, நான் வாசிக்கறப்போ ஒரு நாளாவது பேப்பரைக் கீழே வெச்சிருக்காரா? அவர் போய் ஆபீஸ் ஆளையெல்லாம் கூட்டிண்டு வந்து, 'எங்காத்துக் கனகம் பண்ணினது, அந்தக் கைக்குத் தங்கக்காப்புப் போடணும்'னு சொல்றார். நேக்கு எப்படி இருந்திருக்கும்? நல்லா நனையட்டும், அப்புறம் உன்னால கெட்டதுன்னு சொல்லி அந்தக் கொலுவை ஒழிச்சுடலாம்னு பார்த்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? பார்த்துண்டே ஏன் சும்மா இருந்தேன்னு அவர் திருப்பிக் கேட்டா?"

இந்த இடத்தில் நானாக இருந்தால் சீதாலக்ஷ்மியைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். அத்தனை நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு ஆசாரிக்கு அடிமையாகி, நெய்யாகக் கொட்டி அழுதவள் கனகம். கோபத்தில் துணியை அவள் முகத்தில் வீசியிருந்தாலும் தப்பில்லை. ஆனால் கனகம் அப்படியே நின்றாள். பெங்களூர்க்காரி, துரைசானிகளிடம் படித்தவள், அவள் எதிரில் உதடு துடிக்க நிற்கிறாள். எதற்காக? டிக்கெட் குமாஸ்தாவின் பெண் பிடித்த மண்ணைப் பார்த்து. பிறந்ததிலிருந்து அடுத்தவர்களைப் பார்த்தே வெந்துகொண்டிருந்த கனகத்துக்கு, தன்னைப் பார்த்தும் ஒருத்தி வெந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. நெஞ்சில் ஏதோ ஒன்று சட்டென்று இளகிவிட்டது என்று சொன்னாள்.

"அக்கா" என்று மெதுவாகக் கேட்டாள். "என்னைப் பார்த்து உங்களுக்குப் பொறாமையா இருந்துதா?"

சீதாலக்ஷ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்கோ. அவர் தங்கக்காப்புன்னு சொன்னாரே, அப்போ உங்களுக்கு எப்படி இருந்தது?"

"சும்மா இருடீ!" என்று கட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கினாள் சீதாலக்ஷ்மி. எந்தப் பக்கம் நனைப்பது என்று தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கனகம் அதை வாங்கி, உள்வளைந்த பக்கமாகத் திருப்பி, துணியைச் சரியாகச் சுற்றி ஆப்பு வைத்தாள். அவள் கை அவ்வளவு நிதானமாக அதுவரை வேலை செய்ததே இல்லையாம்.

அதன்பிறகு இருவரும் உடன்பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. பேசினதைவிட முறைத்துக்கொண்டதுதான் அதிகம். ஆனால் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நெய் தோசை நின்றுபோனதும் லிங்கப்பன் ராகியைப் பற்றிப் பேச வாயெடுத்தான். "தாராளமா உரக்கப் பேசு" என்று சீதாலக்ஷ்மியே வந்து பக்கத்தில் நின்றாள். பியானோக்காரிக்கே எல்லாம் தெரியும் என்று கண்டதும் அவன் மீசையைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தான். அந்த வாரமே முடித்துவிட்டான். சீமை மரத்துக்கு நம்மூர்ப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று விஸ்வேஸ்வரனிடம் சொல்லி, அவர் தலையாட்டியும் ஆயிற்று.

பியானோ மறுபடியும் நிமிர்ந்து நின்ற அன்று சாயங்காலம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சீதாலக்ஷ்மி பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெங்கடராமன் புதுச் சட்டையில் தாளோரம் நின்றான், லிங்கப்பன் கூலிக்காகக் கதவோரம் நின்றான். கனகம் எப்போதும் போலச் சமையல்கட்டுக்குள் போகவில்லை. ஒரு பாயைக் கொண்டு வந்து, பியானோவுக்குப் பக்கத்தில், சீதாலக்ஷ்மியின் முகம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள். புருஷன் பக்கம் அவள் கண் போகவே இல்லை. சீதாலக்ஷ்மியைத்தான் பார்த்தாள், அவ்வளவு பிரியமாகச் சிரித்துக்கொண்டு.

சீதாலக்ஷ்மிக்கு இரண்டு இடத்தில் விரல் தப்பியது. விஸ்வேஸ்வரன் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு ஆசாரியைப் பார்த்து முறைத்தார். கட்டைகளில் ஒரு குறையும் இல்லை என்று லிங்கப்பன் மீசைமேல் சத்தியம் செய்தான்.